பொம்மை தைத்து விற்று நன்கொடையா? பணத்தை நேராகவே கொடுத்துவிடலாமே

ஜூன் 2, இரவு

ஒரு வாசகர் கேட்டதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "குழந்தைகள் வரைந்த படத்தைப் பார்த்துப் பொம்மை தைக்கிறீர்கள். விற்ற காசை ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள். துணி, பஞ்சு, கூலி எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும்? வாங்குகிறவர் அந்த 450 ரூபாயை நேராகக் கொடுத்தால் முழுசாகப் போய்ச் சேருமே. நடுவில் இந்தப் பொம்மை எதற்கு?"

நியாயமான கேள்வி. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருப்பூரில் பதினெட்டு வருடம் பவர் டேபிள், அதாவது கம்பெனித் தையல் மெஷின், ஓட்டியவள். இப்போது வீட்டு முன்னறையில் நான்கு மெஷின் போட்டு, மூன்று பெண்களோடு தைக்கிறேன். ஆறு வருடமாக இந்தப் பொம்மை வேலை. பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகள் படம் வரைந்து தருகிறார்கள். வரைந்த பிள்ளைக்கு முதல் பொம்மை, காசு கிடையாது. அதைப் போலவே இன்னும் பத்து தைத்து விற்கிறோம். மிஞ்சுவது, வெளியூர்க் குடும்பங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கும் அறை வாடகைக்குப் போகிறது. அந்தச் சிகிச்சை இரண்டு வருடம், இரண்டரை வருடம் இழுக்கும். தங்க இடமில்லாமல் பாதியில் ஊருக்குப் போய்விடுகிற குடும்பங்கள் உண்டு.

முதல் பொம்மைக்கு ஆறு மணி நேரம் ஆகும். மணிக்கு 75 ரூபாய் கூலி, ஆக 450. சாமான் 85. மீதிப் பத்துக்கும் மாதிரி கையில் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். கூலி 112.50, சாமான் 85. பத்துக்கு 1,975. முதல் பொம்மையோடு சேர்த்தால் 2,510. பத்தும் விற்றால் 4,500. மிச்சம் 1,990, அதாவது பொம்மைக்கு 199.

450 ரூபாயில் 199 தான் போய்ச் சேருகிறது. நீங்கள் சொன்னது சரிதான். ஆனாலும் விடுவதாக இல்லை. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை

நேற்றுப் போட்ட கணக்கு தப்பு. பத்தும் விற்றுவிடும் என்று வைத்துப் போட்டுவிட்டேன். ராத்திரி பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பத்தில் எட்டுதான் போகிறது. இரண்டு பீரோவிலேயே தங்கிவிடும், அல்லது யாருடைய பிறந்த நாளுக்காவது போய்விடும். அப்படிப் பார்த்தால் வரவு 3,600, மிச்சம் 1,090. விற்ற பொம்மைக்கு 136 ரூபாய். அறை வாடகை நாளுக்கு 300. பதினொரு பொம்மை தைத்தால் ஒரு குடும்பத்துக்கு மூன்றரை நாள்.

நேராகக் கொடுத்த 450 ரூபாய் ஒன்றரை நாள். பொம்மை வழியாக வந்த 450 அரை நாள்கூட இல்லை. இதை மறைத்துவிட்டு எதுவும் பேசக் கூடாது.

ஜூன் 3, இரவு

"அப்படியென்றால் கூலி வாங்காமல் தையுங்கள், சேவைதானே" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இதற்கு மட்டும் கோபம் வந்தது.

என்னோடு தைக்கிறவர்களில் ஒரு அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கம்பெனியில் கண் சரியில்லை என்று செக்கிங்கிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நூல் கோத்துக் கொடுத்தால் போதும், அந்தக் கை தைக்கிற மறைதையலில் ஒரு பொட்டு நூல் வெளியே தெரியாது. அவருக்கு வாரம் எழுநூறு, எண்ணூறு இதில்தான் வருகிறது. அதிலிருந்துதான் சர்க்கரை மாத்திரை வாங்குகிறார். அவர் கூலியைப் பிடுங்கி இன்னொரு வீட்டுக்கு அறை வாடகை கட்டினால் அதற்குப் பேர் தர்மம் இல்லை.

வசதியுள்ளவர்கள் பொழுது கிடைக்கும்போது சும்மா தைத்துத் தரட்டும், கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். தையல் கூலியில் பிழைக்கிறவர்களிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வராது.

ஜூன் 5

சரி, பொம்மை எதற்கு என்பதற்கு வருகிறேன். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் அண்ணன் மகளை அந்த வார்டில் சேர்த்திருந்தபோது துணைக்கு நான் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், ஏழு வயது, பல்லடம் பக்கம். நாள் முழுக்க நோட்டில் ஒரே பிராணியை வரைவான். நாய் என்று நாங்கள் சொன்னால் இல்லை என்பான், கரடி என்றாலும் இல்லை. அதற்குக் காது மூன்று. இடது கையில் கட்டு. அவன் கையிலும் அப்போது அங்கேதான் மருந்து ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

அதைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தோன்றியது. வீட்டில் கிடந்த சாம்பல் நிற ஃப்ளீஸ் கட்பீஸ். படத்தைப் பெரிதாக்கி எடுத்த பிரதியைத் துணியின் உள்பக்கம் வைத்து மார்க் பண்ணி, இரண்டு துண்டையும் சேர்த்து ஓட்டி, திருப்பிப் போட்டுப் பஞ்சு அடைத்தேன். கடைசியாக வெள்ளை காட்டனில் அந்தக் கட்டைச் சுற்றித் தைத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னான்: "அத்தை, ஊசி இந்தக் கையிலீங்க."

உள்பக்கம் மார்க் பண்ணினால் திருப்பும்போது இடம் வலமாகும் என்பது மெஷினில் உட்கார்ந்த முதல் வாரமே தெரிகிற விஷயம். பதினெட்டு வருடம் பாக்கெட் வைத்தவளுக்குத் தெரியாதா? ஆனால் பொம்மைதானே, எந்தக் கையில் கட்டு இருந்தால் என்ன என்று எனக்குள்ளே இருந்திருக்கிறது. அவனுக்கு அப்படி இல்லை. அந்தப் படத்தில் அவன் பார்த்துப் பார்த்துப் போட்ட ஒரே விஷயம் அதுதான்.

எடுத்துக்கொண்டு வந்து, கட்டைப் பிரித்து, மறு கைக்கு மாற்றி, மறுநாள் கொடுத்தேன். வாங்கித் தலையணைக்கு அந்தப்பக்கம் படுக்க வைத்து, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டான். அதற்கப்புறம் நர்ஸ் ஊசி போட வந்தால் முதலில் அதற்குப் போட வேண்டும். வார்டில் மற்ற பிள்ளைகளும் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். இப்படித்தான் தொடங்கியது. காசு திரட்டலாம் என்று தோன்றியதெல்லாம் ஏழெட்டு மாதம் கழித்து.

ஜூன் 6

சின்னக் குறிப்பு. நோட்டிலிருந்து தாளைக் கிழித்து வாங்காதீர்கள். போனில் படம் எடுத்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் வருடம் நான் கிழித்து வாங்கி ஃபைலில் போட்டேன். ஒரு குட்டிப் பெண் அடுத்த வாரம் வந்து, "என் மீன் எங்கே?" என்று கேட்டாள். பொம்மையைக் காட்டினேன். "இது இல்லை, தாள் மீன்" என்றாள்.

ஜூன் 8, காலை

எப்படித் தைப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் வரைகிற மனிதருக்கு உடம்பே இருக்காது. ஒரு பெரிய வட்டம், அதுதான் தலை, அதிலிருந்தே இரண்டு கால் இறங்கும், கன்னத்திலிருந்து கை கிளம்பும். தலைப்பிரட்டை மாதிரி. தமிழ்நாட்டுப் பிள்ளை, ஜப்பான் பிள்ளை என்றில்லை, உலகம் முழுக்க இந்தப் பருவத்தில் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இதைப் பார்த்ததும் நமக்குக் கழுத்தும் வயிறும் வைக்கக் கை ஊறும். வைக்காதீர்கள். வைத்தால் அது கடைப் பொம்மை.

கால்தான் பெரிய தொல்லை. பிள்ளை பென்சிலில் இழுத்த ஒற்றைக் கோடு அது. துணியில் குழாயாகத் தைத்துத் திருப்ப வேண்டுமென்றால் தைத்தபின் இரண்டு செண்டிமீட்டராவது அகலம் வேண்டும், அதற்குக் கீழே போனால் பனியன் துணி திருப்பும்போதே பிய்ந்துவிடும். நான் கோட்டுக் காலுக்கு உள்ளே பருத்திக் கயிறு வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கைத்தையல் போடுகிறேன். ஒல்லியாகவே நிற்கும். அந்த ஒல்லியைத் தடியாக்கினால் பிள்ளைக்குத் தன் படம் என்று தெரியாது.

பனியன் துணி இழுபடும். வட்டமாக வெட்டியது பஞ்சு அடைத்ததும் முட்டையாகிவிடும். உள்பக்கம் ஃபியூசிங், அதாவது இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் விறைப்புத் துணி, ஒட்டி, அப்புறம் வெட்டுங்கள். இழுவை நீளவாட்டிலா அகலவாட்டிலா என்று கையால் இழுத்துப் பார்த்து, இரண்டு துண்டையும் ஒரே வாட்டில் வையுங்கள். குறுகலான இடத்தைத் திருப்ப டாக்டர்கள் வைத்திருக்கும் கத்தரி மாதிரி இடுக்கி கிடைக்கும், அதைவிட நல்ல கருவி இல்லை.

இலவம்பஞ்சு வேண்டாம். மனசுக்குப் பிடித்த பஞ்சுதான், ஆனால் துவைத்தால் கட்டி தட்டும், காய நாளாகும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை கையில் ஈரம் தங்கிய பொம்மை போகவே கூடாது. பாலியெஸ்டர் பஞ்சு போடுங்கள். முழுக்கத் தைத்து முடித்த பொம்மையை வாஷிங் மெஷினில் ஒரு முறை போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, பையில் கட்டிய பிறகுதான் வார்டுக்குள் கொண்டுபோகிறோம்.

நிறத்துக்காக அலைய வேண்டாம், எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட்டில் எல்லா நிறமும் இருக்கிறது. ஒரு பிள்ளை யானைக்கு அடித்த பச்சை, போன வருடம் எங்கோ ஐரோப்பாவுக்குப் போன டீஷர்ட்டின் மிச்சத்தில் அச்சாகக் கிடைத்தது.

ஜூன் 8, மதியம்

காலையில் கண்ணைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். சட்டைப் பட்டனைக் கண்ணாக வைக்காதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இழுத்துப் பிய்த்து வாயில் போட்டுவிடும். பொம்மைப் பரிசோதனையில் ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள். விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடி சாய்ந்து ஆழம் 25.4-இலிருந்து 57.1 வரை போகும். பிய்ந்து வருகிற எந்தத் துண்டும் அதற்குள் முழுசாக அடங்கினால் அந்தப் பொம்மை சின்னப் பிள்ளைக்கு ஆகாது. சட்டைப் பட்டன் எல்லாமே அடங்கிவிடும். கண்ணை நூலில் எம்பிராய்டரி போடுங்கள். அதிலும் ஒரு நன்மை: பிள்ளை ஒரு கண்ணைப் பெரிதாகவும் ஒன்றைச் சின்னதாகவும் வரைந்திருந்தால் அப்படியே போடலாம். பட்டன் இரண்டும் ஒரே அளவில்தான் வரும்.

விற்கப் போகிறவர்களுக்கு: 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 9873 என்ற தரநிலையில் வருகிறது. மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைக்கு விலக்கு உண்டு. பதிவை முடித்துவிட்டு விற்பனையில் இறங்குங்கள்.

ஜூன் 11

"இதைப் பெரிய கம்பெனிகள் செய்தால்தான் பிரயோஜனம்" என்று ஒருவர். ஆமாம், செய்திருக்கிறார்கள். சுவீடன்காரர்களின் வீட்டுச் சாமான் கடையான ஐகியா 2003 முதல் 2015 வரை, வருடக் கடைசியில் விற்ற ஒவ்வொரு துணிப் பொம்மைக்கும் ஒரு யூரோ என்று பிள்ளைகளுக்கு உதவும் யூனிசெஃப், சேவ் த சில்ட்ரன் அமைப்புகளுக்குக் கொடுத்தது. மொத்தம் 8.8 கோடி யூரோ, பிள்ளைகளின் படிப்புக்கு. 2015-இல் உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்து, வந்த படங்களில் பத்தை எடுத்து அப்படியே பொம்மையாக்கி விற்றார்கள்.

அந்தத் தொகைக்கு முன்னால் என் 1,090 ரூபாய் எங்கே? தொகைதான் முக்கியம் என்றால் நான் மெஷினை மூடிவிட்டு அந்தக் கடை வாசலில் நின்று ஆளைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பலாம். அவர்கள் செய்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பத்துப் படம் பொம்மையாயிற்று, மீதிப் பிள்ளைகளுடையது தாளாகவே நின்றுவிட்டது. போட்டி வைத்தால் அப்படித்தான் ஆகும். எங்கள் வார்டில் போட்டி கிடையாது. வரைந்த பிள்ளைக்குப் பொம்மை உண்டு, கிறுக்கினாலும் உண்டு.

கனடாவில் வான்கூவரில் வெண்டி சாவ் என்று ஒரு அம்மா. 2007-இல் தன் நாலு வயது மகன் வரைந்த படத்தைப் பொம்மையாகத் தைத்தார், அதுவே அவருக்குத் தொழிலாகிவிட்டது. படம் அனுப்பியவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கையால் தைத்துத் தந்தார். அவர் வேலையின் படங்களை இணையத்தில் பார்த்துத்தான் கோட்டுக் காலை ஒல்லியாகவே விடலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது.

ஜூன் 12

ராத்திரி தூக்கம் வரவில்லை, ஒன்று ஞாபகம் வந்தது.

யூனிசெஃப் வாழ்த்து அட்டைகள் தெரியும் அல்லவா, முன்பெல்லாம் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பள்ளிக்கூடத்தில் வாங்கச் சொல்வார்கள். அதன் முதல் அட்டை ஒரு குழந்தை வரைந்த படம். செக்கோஸ்லோவாக்கியாவில் யிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுப் பெண். இரண்டாம் உலகப் போர் முடிந்து அவள் ஊருக்கு யூனிசெஃபிலிருந்து உதவி வந்தது. அதற்கு நன்றியாக 1949-இல் ஒரு படம் வரைந்தாள். பிள்ளைகள் ஒரு கம்பத்தைச் சுற்றி ஆடுகிற படம். காகிதம் கிடைக்காததால் கண்ணாடித் துண்டின்மேல் வரைந்தாள். அதை அட்டையாக்கினார்கள். அதற்கப்புறம் எத்தனை வருடம், எத்தனை கோடிப் பேர் அந்த அட்டைகளை வாங்கினார்கள்!

உதவி வாங்கிய பிள்ளைதான் அந்தப் படத்தைக் கொடுத்தாள். முதல் நாள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வார்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு நாள் முழுக்க எல்லாரும் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். மருந்து, பழம், புத்தகம், அனுதாபம். அவனிடமிருந்து யாரும் எதுவும் கேட்பதில்லை. "சாமி, உன் கரடியைத் தைத்து விற்கட்டுமா, நாலாம் நம்பர் கட்டில் பாப்பா வீட்டுக்கு ரூம் வாடகை கட்டணும்" என்று கேட்டுப் பாருங்கள். எழுந்து உட்காருவான். ஒரு பையன் அம்மாவிடம் திரும்பி, "பாப்பாவுக்கு நான் ரூம் போட்டுக் குடுத்துட்டேன்" என்றான். நேராகப் போடுகிற 450 ரூபாயால் அதைச் செய்ய முடியாது.

ஆனால் அந்த 450 வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகை வாடகைதான்.

ஜூன் 15

பேச்சு வேறுபக்கம் போனாலும் பரவாயில்லை, நம்ம பக்கத்துக் கதை இரண்டு சொல்லியாக வேண்டும்.

2004 சுனாமிக்கு அப்புறம் ஆரோவில் பக்கத்து மீனவக் கிராமங்களில் பெண்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். உமா பிரஜாபதி நடத்தும் உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக்கூடத்தில் அவர்களைக் கூப்பிட்டு, மிச்சத் துணியில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சுனாமிகா என்று பேர். அதற்கு விலை கிடையாது. பரிசாகத்தான் கொடுப்பார்கள், வாங்குகிறவர் மனசிருந்தால் நன்கொடை போடலாம். செய்கிற பெண்களுக்குக் கூலி உண்டு. நான் பாண்டிச்சேரி போனபோது ஒன்றை வாங்கி வந்தேன். சாவிக்கொத்தில் தொங்குகிறது, என் கட்டைவிரல் நுனியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அடுத்தது கேரளா. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்தில், ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த கைத்தறிச் சேலைகள் சேற்றில் ஊறிவிட்டன. எரித்துவிடலாம் என்றுதான் இருந்தார்கள். லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் அதைச் சுத்தம் செய்து வெட்டிப் பொம்மையாக்கலாம் என்றார்கள். பொம்மையின் பேர் சேக்குட்டி. சேற்றைத் தாண்டி வந்த குட்டி. மலையாளத்திலும் சேறு சேறுதான். 1,300 ரூபாய்ச் சேலை ஒன்றில் 360 பொம்மை வரும், ஒன்று 25 ரூபாய், ஆக 9,000 ரூபாய். காசு நெசவாளர்களுக்குப் போனது. அந்தப் பொம்மையில் கறை அப்படியே தெரியும். கறைதான் அதன் அடையாளம்.

முதல் நாள் கேட்ட தம்பி இதைக் கவனிக்க வேண்டும். இங்கே பொம்மை வழியாக வந்த காசு, சேலையை அப்படியே விற்றிருந்தால் வந்திருக்கும் காசைவிட ஏழு மடங்கு. எல்லா இடத்திலும் என் கணக்குப் போல நஷ்டம் இல்லை.

ஜூன் 15, இரவு

ஏழு மடங்கு என்று எழுதியதில் செய்கூலியைக் கழிக்கவில்லை. சேக்குட்டியைத் தன்னார்வலர்கள் நிறையப் பேர் செய்து கொடுத்தார்கள். என் வேலையோடு அதை நேராக ஒப்பிட்டது சரியில்லை. அவசரத்துக்கு ஊரே கூடிச் செய்வது ஒன்று, ஆறு வருடமாக வாரா வாரம் செய்வது வேறு.

ஜூன் 16

சீட்டு விஷயம். இதைப் பற்றி எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் வருடம் ஒரு கண்காட்சியில் கடை போட்டோம். நடத்தியவர்கள் வந்து, பொம்மையில் தொங்கும் சீட்டில் பிள்ளையின் பேர், வியாதி, ஒரு போட்டோ எல்லாம் போட்டால் கிடுகிடுவென்று விற்கும் என்றார்கள். போட்டோ வைக்கவில்லை. ஆனால் "புற்றுநோயோடு போராடும் குழந்தை வரைந்தது" என்று அச்சடித்து மாட்டினேன். விற்றது. மத்தியானத்துக்குள் எல்லாம் காலி. நோட்டில் இன்றைக்கும் அந்த நாள் வரவுதான் அதிகம்.

ஒரு அம்மா பொம்மையை எடுத்தார், சீட்டைப் படித்தார், காசைக் கொடுத்தார், பொம்மையை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். "வீட்டுல வெச்சுக்க மனசு வரலீங்க" என்றார். அந்த முயலை வரைந்த பெண் அதற்குத் தொப்பி போட்டு, தொப்பிக்குப் பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிற முயல் என்று சொல்லியிருந்தாள். அந்த அம்மா கண்ணுக்கு முயல் தெரியவே இல்லை.

அன்றோடு சீட்டை மாற்றினேன். பிள்ளை அந்த உருவத்துக்கு வைத்த பேர், அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பிள்ளை சொன்ன ஒரு வரி, காசு எதற்குப் போகிறது என்று ஒரு வரி. அவ்வளவுதான். விற்பனை குறைந்தது உண்மை. பத்தில் எட்டு என்று சொன்னேனே, அது இந்தச் சீட்டோடு. பழைய சீட்டைத் திரும்ப மாட்டினால் பத்தும் போகும், வாடகைக்கு இன்னும் மூன்று நாள் கிடைக்கும். இது தெரிந்தும்தான் மாட்டாமல் இருக்கிறேன். அந்த மூன்று நாளை நினைத்தால் சில ராத்திரி உறுத்துகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 17

சட்டம் பற்றிக் கேட்ட வக்கீல் தங்கச்சிக்கு நன்றி. அவர் கேட்ட பிறகுதான் நானும் விசாரித்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவர்தான் முதல் உரிமைக்காரர், அவர் ஏழு வயதானாலும் சரி. பிள்ளை சார்பில் அப்பா அம்மா கையெழுத்துப் போட வேண்டும். படைத்தவர் பேரைக் கெடுக்கிற மாதிரி படைப்பைச் சிதைத்தால் தடுக்கிற உரிமையும் 57-ஆம் பிரிவில் இருக்கிறது. கட்டை மறு கையில் வைத்ததெல்லாம் நீதிமன்றம் வரைக்கும் போகாது. ஆனாலும் படித்தபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்தது.

நாங்கள் வாங்குகிற தாள் ஒரு பக்கம். எத்தனை பொம்மை, என்ன விலை, காசு எங்கே போகிறது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். தமிழில்தான். பெற்றவர் கையெழுத்துக்குக் கீழே பிள்ளைக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறோம். சிலர் பேர் எழுதுவார்கள், சிலர் இன்னொரு படம் வரைந்துவிடுவார்கள்.

ஜூன் 22

நேற்று அந்தப் பல்லடம் பையன் வந்திருந்தான். மூன்று காதுப் பிராணிக்காரன். சிகிச்சை முடிந்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது, பதின்மூன்று வயது, மீசை அரும்புகிறது. அவன் அம்மா பையிலிருந்து பொம்மையை எடுத்தார். கழுத்துத் தையல் விட்டுப் பஞ்சு வெளியே வந்திருந்தது, ஃப்ளீஸ் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தது. பிரித்துப் புதுப் பஞ்சு வைத்தேன். கையில் இருந்த வெள்ளைக் கட்டு பழுப்பேறி நூலாகிவிட்டது. "இதை எடுத்துடட்டுமா கண்ணு, இனி எதுக்கு?" என்றேன்.

"அது அதோட கை அத்தை. புதுசு வெச்சுத் தாங்க."

புது வெள்ளைத் துணி வைத்தேன். இடது கைதான். ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 24

ஒரே உருவத்தைப் பத்துத் தைத்து விற்பது சரியா? இதை ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அது அந்தந்தப் பிள்ளையைப் பொறுத்தது என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், தன் பூனை பத்து வீட்டில் இருக்கிறது என்று. இந்த மாதம் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி மாட்டேன் என்றுவிட்டாள். "அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு." அவள் அம்மா சமாதானப்படுத்தப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்று தைத்து அவளிடம் கொடுத்தோம், அதோடு முடிந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தில் செலவு 535, வரவு ஒன்றுமில்லை.

முதல் நாள் கணக்கை இதையும் சேர்த்துப் போட வேண்டும். வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகள் இப்படி இருப்பார்கள். மிச்சம் இன்னும் குறையும். சரி, குறையட்டும்.

ஜூலை 1

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார், அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். மூன்று மாத அறை வாடகையை நேராக அந்தத் தங்குமிடத்துக்கே அனுப்பிவிட்டார். நடுவில் பொம்மையும் இல்லை, நானும் இல்லை. மிகவும் நல்லது தம்பி, மனசு நிறைந்தது. இங்கே படிக்கிற மற்றவர்களும் அப்படிச் செய்யலாம், பொம்மை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

கூடவே அவர் மகள் வரைந்த படம் ஒன்றும் வந்திருக்கிறது. வார்டில் ஒரு பிள்ளைக்குத் தைத்துக் கொடுக்கச் சொல்லி அவளே கேட்டாளாம். ஆரஞ்சு நிறம், மேலே கொம்பு மாதிரி இரண்டு, முகத்தில் ஒரே கண், பெரிய கண். சிரிக்கிறது, பல் எண்ணினேன், பதினொன்று. ஆரஞ்சு நிற இன்டர்லாக் பனியன் துணி அரைக் கிலோ இருக்கிறது, போதும். பல்லுக்கு வெள்ளை ஃபெல்ட் எடுத்து வைத்தாயிற்று. ஃபியூசிங் ஒட்டி, துணியை மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன்.

ஒன்றுதான் தெரியவில்லை. கீழே ஆறு கோடு நேராக இறங்குகிறது, அது கால். ஏழாவது கோடு வலது ஓரத்தில் கொஞ்சம் வளைந்து போகிறது. அதுவும் காலா, இல்லை வாலா? அவள் ஸ்கூல் விட்டு வந்ததும் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. அதுவரை கத்தரி வைக்க மாட்டேன்.